போய்த் திரும்பும் படிகள்

பங்குத் தந்தையர் பலருக்குத் திங்கட்கிழமைதான் ஓய்வுநாள். ஞாயிறு முழுதும் திருப்பலிகள், திருமுழுக்கு, மறைக்கல்வி, அன்பியக் கூட்டம் என்று ஓடிக் களைத்தவர்கள், மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு சற்று அயர்வோம். அப்படிப்பட்ட ஒரு திங்களையும் அதை அடுத்த செவ்வாயையும் நான் சென்னையில் கழிக்க நேர்ந்தது. 2023ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசி அது. உடன் வந்தவர்கள் என் தங்கை மகள், அவள் கணவர், நான்கு வயதைக் கடந்த அவர்களுடைய பெண் குழந்தை. இரண்டு நாள் உல்லாசப் பயணந்தான். ஆயினும் நான் மேற்கொண்ட நெடும்பயணங்கள் பலவற்றையும்விட அது எனக்கு அதிகம் கற்பித்தது. அதை எழுதி வைப்பது கடமை என்று தோன்றுகிறது.

முதலில் குடும்பத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மருமகன் சவூதி அரேபியாவின் தமாம் நகரில் குளிர்சாதன எந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளி. 2018 அக்டோபரில் மகள் பிறந்தாள். 2019 மார்ச்சில் அவர் வேலைக்குத் திரும்பினார். குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம். குப்புறக் கவிழக் கற்றிருந்தாள். இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் வருவதாக ஏற்பாடு. அதற்குள் கொள்ளைநோய் உலகைப் பூட்டிவிட்டது. 2020 மார்ச் 23இல் நிறுத்தப்பட்ட நம் நாட்டின் வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து, 2022 மார்ச் 27இல்தான் மறுபடி தொடங்கியது. இடையில் சிறப்பு விமானங்கள் பறந்தன; ஊருக்கு வந்துவிடலாம். திரும்பிப் போக முடியுமா, போனாலும் வேலை இருக்குமா என்ற அச்சத்தில் வராமலே இருந்துவிட்டவர்கள் ஏராளம். இவரும் அவர்களுள் ஒருவர். ஒருவழியாக 2022 டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு, நாற்பது நாள் விடுப்பில் வந்து சேர்ந்தார்.

மூன்றே முக்கால் ஆண்டுகளாக அந்தக் குழந்தைக்குத் தந்தை என்பவர் கைப்பேசித் திரையில் தோன்றும் ஒரு முகம். அந்த முகத்தோடு அவள் நன்றாகவே உறவாடினாள், முத்தம் கொடுத்தாள், சாப்பிட்ட தோசைகளை எண்ணிச் சொன்னாள். அதே முகம் கை, கால், வியர்வை, குரல் எல்லாவற்றோடும் வாசற்படி ஏறி வந்தபோது, அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இது யாரும் எதிர்பார்த்ததே. ஆனால் ஒரு வாரம் கழித்து அவள் தாயிடம் கேட்டாளாம்: "அம்மா, இவரு எப்ப மறுபடியும் போனுக்குள்ள போவாரு?"

என் தங்கை மகள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிக்கையில் அவள் கண்கள் கலங்கியிருந்தன.

நாற்பதில் முப்பது நாள் கழிந்தது. விருந்து, உறவினர் வருகை, கட்டி முடியாத வீட்டின் மேல்தளப் பூச்சு வேலை என்று நாள்கள் கரைந்தன. ஒருநாள் அவள் என் பங்கு இல்லத்துக்கு வந்து, "மாமா, வீட்டுல இருந்தா யாராவது வந்துட்டே இருக்காங்க. ரெண்டு நாள் மெட்ராஸ் போயிட்டு வரலாம்னு இருக்கோம். நீங்களும் வந்தா நல்லது. பாப்பா உங்ககிட்ட ஒட்டிக்கிறா" என்றாள். ஞாயிறு இரவு புறப்பட்டுச் செவ்வாய் இரவு திரும்பிவிடலாம் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டதோடு நிறுத்தியிருக்கலாம். பயணத் திட்டம் வகுக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டேன். திருமண ஓலை எழுதிய பழைய தாள் ஒன்றின் பின்புறத்தில் பதினோரு இடங்களை வரிசைப்படுத்தினேன். அருங்காட்சியகம், கன்னிமரா நூலகக் கட்டடம், புனித ஜார்ஜ் கோட்டை, கலங்கரை விளக்கம், சாந்தோம், கோளரங்கம் என்று நீண்ட அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரமும் குறித்திருந்தேன். தந்தையும் மகளும் சேர்ந்து பல காட்சிகளைக் கண்டால் உறவு தானே மலரும் என்பது என் கணக்கு. மருமகனுக்கு அந்தப் பட்டியல் மிகவும் பிடித்துவிட்டது. இழந்த நான்கு ஆண்டுகளை இரண்டு நாளில் ஈடுகட்ட ஒரு வழி கிடைத்ததுபோல் அதை வாங்கிப் படித்தார்.

திருச்சியிலிருந்து மலைக்கோட்டை விரைவு வண்டியில் புறப்பட்டோம். ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தொடர்வண்டியில் பயணச் சீட்டு வேண்டாம். தனிப் படுக்கையும் கிடையாது. கீழ்ப் படுக்கையில் தாயும் மகளும் படுத்துக்கொள்ள, நடுப் படுக்கையில் தந்தை படுத்தார். விளக்கை அணைத்த பிறகு அவர் தம் கையைக் கீழே தொங்கவிட்டிருந்தார். உறக்கத்தில் மகளின் கை தற்செயலாகப் பட்டாலும் படட்டும் என்று நினைத்தார் போலும். விடியற்காலை எழும்பூர் நெருங்கும்போது நான் எழுந்து பார்த்தேன். கை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தை தாய்க்கு அப்பால், பலகைச் சுவரோரமாய்ச் சுருண்டு கிடந்தாள்.

நிலையத்துக்கு எதிரே கென்னட் சந்தில் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். காலை ஒன்பதரை மணிக்கெல்லாம் பாந்தியன் சாலை அருங்காட்சியகத்தின் வாயிலில் நின்றோம். 1851இல் தொடங்கப்பட்ட பெருமைக்குரிய நிறுவனம் அது. அமராவதிச் சிற்பங்கள், சோழர் காலச் செப்புத் திருமேனிகள், திருவாலங்காட்டு நடராசர் என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். குருமடத்தில் பெற்ற பயிற்சி எளிதில் விடாது. முன்னால் இருவர் நின்றால் போதும், விரிவுரை வந்துவிடும். ஒரு திருமேனியின் முன் நின்று மெழுகு வார்ப்பு முறையை நான் விவரித்துக்கொண்டிருந்தபோது, குழந்தை தரையில் குந்தி உட்கார்ந்திருந்தாள். பீடத்தின் அடியில் எறும்புகள் ஒரு செத்த பூச்சியை இழுத்துக்கொண்டு போயின. அவள் உயரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கூடத்திலே உயிரோடு அசைந்தவை அவை மட்டுமே.

விலங்கியல் பகுதியில் ஏறத்தாழ அறுபது அடி நீளமுள்ள திமிங்கில எலும்புக்கூடு ஒன்று உண்டு. அங்கே வந்து சேர்ந்தபோது நண்பகல் ஆகிவிட்டது. இரவில் சரியாக உறங்காத குழந்தை. காலையில் அரை இட்லியோடு எழுந்துகொண்டவள். மருமகன், "பாப்பா, எவ்வளவு பெரிய மீன் பாரு!" என்று அவளைத் தூக்கினார். அவள் உடலை விறைத்துக்கொண்டு அலறினாள். "நீ வேணாம்! நீ வேணாம்!" என்று அவர் முகத்தில் கையால் அடித்தாள். பின்னால் வந்துகொண்டிருந்த தாய் ஓடி வருவதற்குள், அருகில் நின்ற பெண்மணி ஒருவர் ஐயத்தோடு குழந்தையிடம் குனிந்து, "பாப்பா, இவரு யாரும்மா?" என்று கேட்டார்.

குழந்தை பதில் சொல்லவில்லை.

அந்தப் பெண்மணியின் மீது குற்றமில்லை. காலம் கெட்டுக் கிடக்கையில் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். தாய் வந்து விளக்கியதும் வருத்தம் தெரிவித்து நகர்ந்தார். ஆனால் அந்தச் சில நொடிகளில் மருமகனின் முகத்தை நான் பார்த்துவிட்டேன். கல்லறைத் தோட்டத்தில் மட்டுமே நான் கண்டிருக்கும் முகம் அது.

அறைக்குத் திரும்பினோம். குழந்தை தயிர்ச் சோறு உண்டு மூன்று மணி வரை உறங்கினாள். கோட்டையைப் பட்டியலிலிருந்து அடித்தேன். மாலையில் கலங்கரை விளக்கத்துக்காவது போய்விடுவோம் என்று மெட்ரோ நிலையத்துக்கு நடந்தோம். பயணச் சீட்டு கொடுமிடத்தில், "குழந்தை மூணடிக்கு மேல இருக்குமா?" என்று கேட்டார்கள். தொடர்வண்டி வயதைப் பார்க்கிறது. மெட்ரோவோ உயரத்தைப் பார்க்கிறது. மருமகன் விழித்தார். தம் மகளின் உயரம் அவருக்குத் தெரியவில்லை. அவள் தலைக்கு மேல் கையை வைத்து அளக்கப் போனார். அவள் தலையை இழுத்துக்கொண்டாள். "இருக்கும், டிக்கெட் எடுத்துருங்க" என்று தாய் சொன்னாள்.

எழும்பூரிலிருந்து சென்ட்ரல் ஒரே நிலையம். அங்கே இறங்கி வேறு தடத்துக்கு மாற, மேல்தளத்துக்கு ஏற வேண்டும். நகரும் படிக்கட்டின் அடியில் குழந்தை நின்றுவிட்டாள். எங்கிருந்தோ தரைக்குள்ளிருந்து படிகள் பிறந்து வருவதும், பிறந்தவுடனே உயர்ந்து போய்விடுவதும் அவளை அச்சுறுத்தின. காலைத் தூக்குவாள், வைக்கமாட்டாள். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தனர். கடைசியில் மின்தூக்கியில் ஏறிப் போனோம்.

அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். வாயில் பூட்டியிருந்தது. "திங்கக்கிழமை லீவு சார்" என்றார் ஆட்டோ ஓட்டுநர். நேரமெல்லாம் குறித்து வைத்த என் பட்டியலில் கிழமை பார்க்கப்படவில்லை.

வேறு வழியின்றி மெரினா மணலில் அமர்ந்தோம். சுண்டல் வாங்கினோம். பாசிமணி விற்கும் ஒருவரிடம் குழந்தை ஒரு மாலை கேட்டாள். நீல மணிகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு மணி கோத்த மாலை. தாய் வாங்கிப் போட்டாள். பிறகு தாயும் மகளும் நானுமாக அலையில் கால் நனைக்கப் போனோம். குழந்தை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் மருமகன் மணலிலேயே இருந்துவிட்டார். திரும்பிப் பார்த்தேன். எங்கள் மூவர் செருப்புகளையும் தம் செருப்புகளையும் இணை இணையாக அடுக்கி வைத்து, அவற்றுக்குக் காவலாக அவர் அமர்ந்திருந்தார். இருள் கவிந்தபின் கலங்கரை விளக்கத்தின் ஒளி சுற்றத் தொடங்கியது. "சாமி தாத்தா, அந்த வெளக்கு யாரத் தேடுது?" என்று கேட்டாள் குழந்தை. கப்பல்களுக்கு வழிகாட்டுகிறது என்று சொல்லி வைத்தேன். அவள் கேள்வி என் விடையைவிட நன்றாக இருந்தது.

அன்றிரவு விடுதி நடைக்கூடத்தில் நானும் மருமகனும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அறைக் கதவு சற்றே திறந்திருந்தது. உள்ளே குழந்தை தாயிடம் ஏதோ கேட்பதும், "எனக்குத் தெரியாது, அப்பாவக் கேளு, அவருக்கு மிஷின் எல்லாம் தெரியும்" என்று தாய் சொல்வதும் காதில் விழுந்தன. பிறகு பேச்சில்லை.

"போன்ல நல்லாத்தான் பேசுவா மாமா" என்றார் அவர். "நேர்ல வந்ததுக்கு அப்புறந்தான் பேச மாட்டேங்கிறா. இன்னும் எட்டு நாள்தான் இருக்கு."

ஆறுதல் சொல்லும் தொழிலில் முப்பது ஆண்டுகளை நெருங்கிக்கொண்டிருப்பவன் நான். ஆயினும் அன்று ஒரு சொல்லும் வரவில்லை. என் நினைவோ வேறொரு பயணத்துக்குப் போயிற்று.

1976இல், எனக்கு எட்டு வயதில், என் தந்தையார் என்னைச் சென்னைக்கு அழைத்து வந்தார். அதே எழும்பூர், அன்று குறுகிய மீட்டர் பாதை வண்டி. மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் அப்போது உயிர்க்காட்சி சாலை இருந்தது. சிங்கம் காட்டினார். அண்ணா சாலையில் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடத்தைக் காட்டி மாடிகளை எண்ணச் சொன்னார். இவையெல்லாம் அவர் பின்னாளில் சொல்லக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். சிங்கத்தின் முகம் எனக்கு நினைவில்லை. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. எரியாமல் இருந்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திராது. அந்தப் பயணத்தில் என் நினைவில் தங்கியது ஒன்றே ஒன்று. நடைபாதையில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. தந்தையார் அங்கேயே தரையில் உட்கார்ந்து, என் காலைத் தம் தொடைமீது எடுத்து வைத்துக்கொண்டு, அரைஞாண் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, வாரைக் கோத்துக் கொடுத்தார். அவர் நெற்றியில் வழிந்த வியர்வையும், ஊக்கை வாயில் கவ்வியபடி அவர் ஏதோ சொன்னதும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. சிங்கத்துக்காகப் பணம் செலவழித்தவர், செலவில்லாத அந்த ஐந்து நிமிடத்தால் என்னோடு ஐம்பதாண்டு வந்திருக்கிறார்.

இதை மருமகனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பட்டியலை மடித்துத் திருப்புகழ்மாலை நூலுக்குள் வைத்துவிட்டு நான் உறங்கப் போனேன்.

மறுநாள் காலைச் சிற்றுண்டியின்போது, "இன்னைக்கு நான் எதையும் காட்டப் போறதில்லை. மூணே முக்காலுக்கு வண்டி. அதுவரை யாருக்கு என்ன தோணுதோ அதைச் செய்வோம்" என்றேன். தாய்தான் பேச்சை எடுத்தாள். "ராத்திரி ஒண்ணு கேட்டா. அந்தப் படி எங்கிருந்து வருது, மேல போய் எங்க போகுதுன்னு."

மருமகன் காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரியும்" என்றார். குழந்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பாசம் இருந்தது என்று சொல்லமாட்டேன். தனக்கு வேண்டிய ஒன்று இந்த ஆளிடம் இருக்கிறது என்று கண்டுகொண்ட பார்வை அது.

மீண்டும் சென்ட்ரல் போனோம். சீட்டுக் காட்டி வெளியே வந்துவிட்டால், கூடத்திலிருந்து தெருவுக்கு ஏறும் நகரும் படிகள் இருக்கின்றன. காலைக் கூட்டம் வடிந்திருந்தது. மருமகன் யாருக்கும் இடையூறின்றி ஓரமாக, படிகள் தரைக்குள்ளிருந்து புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில், குந்தி உட்கார்ந்தார். இப்போது அவருடைய கண்ணும் அவள் கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தன. குழந்தை இரண்டடி தள்ளி நின்றாள்.

"உன் மாலையைக் குடுக்குறியா?" என்று கேட்டார். அவள் யோசித்தாள், கழற்றிக் கொடுத்தாள். அவர் இரு கைகளின் சுட்டுவிரல்களிலும் அதை மாட்டி இழுத்துப் பிடித்து, மெல்லச் சுழற்றினார். "இந்தச் செவப்பு மணியப் பாரு. இது ஒரு படி. மேல போகுது... போகுது... இந்த விரலைச் சுத்தி, அடியில போயிருச்சு. இப்ப நமக்குத் தெரியாது. ஆனா அடியிலயே நகர்ந்து வந்து... இதோ, மறுபடியும் மேல வந்துருச்சு."

"இந்தப் படியுமா?"

"இந்தப் படியுந்தான். உள்ள ரெண்டு பக்கமும் சங்கிலி இருக்கு. அது இழுத்துட்டே இருக்கும். மேல போன படி மடங்கி, தரைக்கு அடியில தலைகீழா எறங்கி, இங்க வந்து திரும்பும். புதுப் படி வரதில்ல. அதே படிதான்."

அவள் நம்பவில்லை. அவர் படிகளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு படியின் ஓரத்தில் வெள்ளைச் சாயம் ஒரு துளி சிந்தியிருந்தது. "அதோ, அந்தப் படிய நல்லாப் பாத்துக்க" என்றார். வெள்ளைத் துளி ஏறி, உச்சியில் மறைந்தது. இருவரும் காத்திருந்தார்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடம், நான்கு வயதுக்கு, ஒரு நீண்ட காலம். குழந்தை தன்னை அறியாமலே அவர் பக்கம் நகர்ந்து, அவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"உள்ள இருட்டா இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருட்டாத்தான் இருக்கும்."

"படிக்குப் பயமா இருக்காதா?"

மருமகன் உடனே விடை சொல்லவில்லை. "கொஞ்சம் இருக்கும். ஆனா திரும்பி வரணும்ல" என்றார்.

நான் சுவரில் இருந்த வழித்தட வரைபடத்தைப் படிப்பவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வந்துருச்சு!" என்று கூவினாள் குழந்தை. கூடமே திரும்பிப் பார்த்தது.

பிறகு நடந்ததை விரித்துச் சொல்லத் தேவையில்லை. அந்த வெள்ளைத் துளி ஆறு முறை வந்து போவதைப் பார்த்தார்கள். ஏழாம் முறை அவள் அவருடைய சுட்டுவிரலைப் பற்றிக்கொண்டு அந்தப் படியில் ஏறினாள். படியின் மஞ்சள் கோட்டுக்குள் பாதம் இருக்க வேண்டும், ஓரத்தில் செருப்பு உரசக் கூடாது, உச்சியில் சீப்புப் பல் போன்ற தகடு வரும்போது காலைத் தூக்கி வைக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுக்க, அவள் வாய்க்குள் முணுமுணுத்துக் கற்றாள். மேலே போய், சாதாரணப் படிகளில் இறங்கி, மறுபடி ஏறினார்கள். நிலையப் பணியாளர் ஒருவர் வந்தார். கண்டிக்கப் போகிறார் என்று அஞ்சினேன். "குழந்தை கைய மட்டும் விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எண்ணிய வரையில் பதினான்கு முறை. பத்தரைக்குத் தொடங்கியது பன்னிரண்டேகாலுக்கு முடிந்தது. ஒரு நூறு அடி எல்லைக்குள் எங்கள் சென்னைச் சுற்றுலாவின் இரண்டாம் நாள் நிறைவுற்றது. தாயும் நானும் ஒரு தூணோரம் நின்றபடியே இருந்தோம். எங்கள் இருவரையும் அந்த நேரம் முழுதும் யாருக்கும் தேவைப்படவில்லை. அது எவ்வளவு இன்பம்!

பிள்ளையோடு நகருக்குப் போன ஒரு குடும்பத்தின் கதையை நாம் அறிவோம். அங்கே பெற்றோர் மகனை மூன்று நாள் தேடினார்கள். எங்கள் பயணத்தில் தேடிக் கண்டடையப்பட வேண்டியவர் தந்தையாய் இருந்தார்; கண்டடைந்தது குழந்தை. பெரியவர்களாகிய நாங்கள் செய்ய முடிந்த உதவி, வழியை விட்டு விலகி நின்றதுதான்.

பிற்பகல் பல்லவன் வண்டியில் ஊர் திரும்பினோம். விழுப்புரம் தாண்டியபின், குழந்தை கைகழுவப் போக வேண்டும் என்றாள். தாய் எழுந்தாள். "நீ வேணாம்" என்றாள் மகள். அருங்காட்சியகத்தில் கேட்ட அதே இரண்டு சொற்கள். பின் தந்தையின் சட்டையைப் பிடித்து இழுத்து, "நீ வா" என்றாள். அவர் எழுந்து போன வேகத்தில் மடியிலிருந்த முறுக்குப் பொட்டலம் கீழே சிதறியது. அவர் கவனிக்கவில்லை.

கதை இங்கே முடிந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் ஒரு வாரம் கழித்து, பிப்ரவரித் தொடக்கத்தில், திருச்சி விமான நிலைய வாயிலில் நாங்கள் நின்றோம். வந்த நாளில் ஒளிந்துகொண்டவள், போகிற நாளில் அவர் கழுத்தை விடமாட்டேன் என்று கதறினாள். விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் என் தங்கை மகள், மடியில் அழுது ஓய்ந்து உறங்கிய குழந்தையைப் பார்த்தபடி கேட்டாள்: "மாமா, ஒட்டாமலே இருந்திருந்தா இப்ப இவ இப்படி அழுதிருக்க மாட்டாளே. நாமதான் தப்புப் பண்ணிட்டமோ?"

இக்கேள்விக்கு இறையியல் நூல்களில் விடை தேடி நான் போகவில்லை. என் பங்கில் தெருவுக்கு இரண்டு மூன்று வீடுகளில் தந்தையர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அழாமல் வழியனுப்பும் பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். விமான நிலையத்தில் அவர்கள் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காட்சி எனக்கு இந்த அழுகையைவிடக் கடுமையாகவே பட்டிருக்கிறது. "யாரோ ஒருத்தர் போனா யாரும் அழமாட்டாங்கம்மா. அவளுக்கு இப்ப அப்பா இருக்காரு, அதான் அழறா" என்றேன். அவளுக்கு இது போதுமான விடையா என்று எனக்கு நிச்சயமில்லை. வீடு வரும் வரை அவள் பேசவில்லை.

குறுகிய விடுப்பில் குழந்தையோடு நகரம் பார்க்கப் புறப்படும் பெற்றோர் இதை வாசித்தால், அனுபவத்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன். ஒரு நாளுக்கு ஓரிடம் போதும். பசி வருமுன் சோறு, களைப்பு வருமுன் உறக்கம். பிறகு பிள்ளை எங்கே நின்றுவிடுகிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள். முடிந்தால் குந்தி உட்காருங்கள். நாம் காட்ட நினைத்த நகரம் அங்கேயே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பிள்ளையின் அந்த வயது மட்டும் மறுபடி வராது.

மருமகனின் வாரவிடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் கைப்பேசி அழைப்பு தொடர்ந்தது. "படி இப்ப எங்க இருக்கு?" என்று அவள் கேட்பாள். "உள்ள இருக்கு, வந்துட்டே இருக்கு" என்பார் அவர். மூன்றாம் மனிதருக்குப் புரியாத பேச்சு. 2024 டிசம்பரில் அவர் மறுபடி விடுப்பில் வந்தார். விழா வேலைகளில் இருந்த நான் சில நாள் கழித்துத்தான் அவர்கள் வீட்டுக்குப் போக முடிந்தது. உள் அறைக் கதவு நிலையில் பென்சிலால் இரண்டு கோடுகள் கிழித்திருந்ததைக் கண்டேன். கீழ்க்கோடு, 2023 பிப்ரவரியில் புறப்படுவதற்கு முன் அவர் மகளை நிறுத்தி அளந்து போட்டது. மேற்கோடு, வந்த அன்றே அளந்தது. "நானே வந்து நின்னேன் சாமி தாத்தா" என்றாள் ஆறு வயதுச் சிறுமி பெருமையோடு.

இரு கோடுகளுக்கும் இடையே அரைச் சாண் இருந்தது. மருமகன் அந்த இடைவெளியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.